ரசீது

தேர்தல் தேதி அறிவித்த நாலாம் நாள்
ஏற்காடு காவல் நிலையத்தில்
துப்பாக்கிகள் வரிசையில் நிற்கின்றன.
துணைக்கு நாங்கள் வந்திருக்கிறோம்.

பழைய போர்வையில் சுற்றியது ஒன்று,
பேரனின் கிட்டார் பையில் ஒன்று,
உரச்சாக்கில் போட்டு வாழைநாரால் வாய் கட்டியது ஒன்று.
ரைட்டரின் மேசைமேல் ஓடும் காத்தாடி
கார்பன் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.

இந்த வரிசையில் யாரும் வீரம் பேசுவதில்லை.
செம்மடுவு தீர்த்தகிரி சொன்னார்:
"லைசென்சுக்கு ரெண்டு வருசம் கலெக்டர் ஆபீஸ் நடந்தேன்.
வாங்கின மாசந்தான் தெரிஞ்சுது,
ஒரு தோட்டா ஓர் ஆளோட அரைநாள் கூலி.
இதுவரைக்கும் ஏழு வெடிச்சிருக்கேன்.
ஏழும் ஞாபகம் இருக்கு."

ஞாயிறுக்கு மட்டும் மலையேறும் பல் டாக்டர்
ரிவால்வர் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.
"இந்தக் குதிரையை இழுக்கறதுக்கு
கடவாய்ப்பல் லேசா வந்துரும்."

சூசையம்மாள் யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
"அவரு வாங்கினாரு, அவரு போயிட்டாரு.
வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா எடுத்துக்கற ஆபீஸ் எது?"
ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னுடையது பன்னிரண்டு போர், இரட்டைக்குழல்.
பக்கத்தகட்டில் ஒரு காட்டுக்கோழி,
இறகு இறகாகச் செதுக்கியது.
அதில்தான் விழுந்தேன்.
பங்களா வராந்தாவில் ஞானாதிக்கம்
துணியை மெல்ல விலக்கி
"கைராசியான பொருள்" என்றார்.
ஒரு வருட மிளகு போயிற்று.
சம்பூர்ணம் கோழியைப் பார்த்துவிட்டு
முட்டை போடுமா என்று கேட்டாள்.

கட்டை ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது.
நான் ஐந்தடி மூன்று.
தோளில் வைத்தால்
மதில்மேல் எட்டிப் பார்க்கும் பையனைப்போல்
கழுத்தை நீட்ட வேண்டும்.
இடது குழல் பத்துக்கு நாலு தரம்
'ச்சு' கொட்டுவதோடு சரி.

போன வைகாசியில்
பலா வாசத்துக்கு வந்த பன்றி
அந்த 'ச்சு'வுக்குத் தலை நிமிர்ந்தது.
கொஞ்ச நேரம் பார்த்தது.
பிறகு சுளைக்குத் திரும்பியது.
வானத்தைப் பார்த்து வெடிக்கத்தான் போயிருந்தேன்,
சட்டம் தெரியும்;
வானத்துக்கும் கேட்கவில்லை.

இதற்குப் பணம் குறைந்தபோது
பழைய ஒற்றைக்குழலை
நாகலூர் வேடியப்பனுக்குத் தள்ளிவிட்டேன்.
கட்டை விரிசலில் நான் சுற்றிய செம்புக்கம்பி,
நிறம் தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரியான குழல்.
அழகு என்று அதை யாரும் சொன்னதில்லை.
இருட்டில் எடுத்தாலும்
கன்னத்தில் தானாக வந்து உட்காரும்.
பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட
'ச்சு' கொட்டியதில்லை.

எனக்கு இரண்டு ஆள் முன்னால்
அதை வைத்துக்கொண்டு நிற்கிறான்.
செம்புக்கம்பி பளபளக்கிறது.
புளி போட்டுத் தேய்த்திருக்கிறான், படுபாவி.

திரும்பினான். என் போர்வை நழுவிய இடத்தில்
கோழியைப் பார்த்தான்.
எனக்கு அந்தப் பார்வை தெரியும்.
"ஏண்ணா, மாத்திக்கலாமா?
மேல எவ்வளவுன்னு சொல்லு,
காப்பி வித்ததும் தந்துடறேன்."

வெளியே லூப் ரோட்டில் ஏதோ கட்சியின் ஜீப்,
ஒலிபெருக்கியில் யாருக்கோ வாக்குறுதி.
அது வளைவு திரும்பும்வரை
எனக்கு நேரம் இருந்தது.

"கைராசியான பொருள்டா" என்றேன்.

இடது குழலைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் அன்றைக்குக் கேட்கவில்லைதான்.

ரைட்டர் கூப்பிட்டார்.
எண்ணைப் படித்தார், குழலை எண்ணினார்,
'நிலை' என்ற கட்டத்தில்
'நன்று' என்று அவராகவே எழுதி
கையெழுத்துக்குத் தாளைத் திருப்பினார்.

சட்டைப்பையைத் தடவினேன்.
வேடியப்பன்
தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினான்.